பாதுகாப்பு ஆணையும் சந்திப்புரிமையும்: குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு குறித்த திறனாய்வு

திறவுச்சொற்கள்: குடும்ப வன்முறை, பாதுகாப்பு ஆணை, காவல்பொறுப்பு, சந்திப்புரிமை, குழந்தை நலன்

முன்னுரை

கணவரின் வன்முறைக்கு ஆளான பெண் ஒருவர் பெறும் பாதுகாப்பு ஆணை, அக்கணவர் அவரை அணுகுவதைத் தடுக்கிறது. அம்மணவாழ்வில் பிறந்த குழந்தையைக் காணக் கணவருக்கு வழங்கப்படும் சந்திப்புரிமையோ, அவரை அப்பெண்ணின் வாயிலுக்கே மீண்டும் அழைத்து வருகிறது. இம்முரணை இந்தியச் சட்டம் எதிர்கொள்ளும் முறையை, ‘குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005’ என்பதன் 21ஆம் பிரிவை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பிரிவின் சொல்லமைப்பு

பாதுகாப்பு ஆணை கோரும் மனுவின் எந்நிலையிலும் குழந்தையின் தற்காலிகக் காவல்பொறுப்பைப் பாதிக்கப்பட்டவருக்கு வழங்கக் குற்றவியல் நடுவருக்கு இப்பிரிவு அதிகாரம் அளிக்கிறது. தேவையாயின், எதிர்மனுதாரர் குழந்தையைக் காண்பதற்கான ஏற்பாடுகளையும் அவர் குறிப்பிடலாம். இதுவரை உள்ளது விருப்புரிமை. அடுத்து வரும் வரம்புரையில் தொனி மாறுகிறது: சந்திப்பு குழந்தையின் நலனுக்குத் தீங்காகலாம் என நடுவர் கருதினால் அதனை மறுத்தல் வேண்டும். ‘லாம்’ என்பதிலிருந்து ‘வேண்டும்’ என்பதற்கு நிகழும் இந்நகர்வே இப்பிரிவின் உயிர்நிலை. தீங்கு மெய்ப்பிக்கப்பட வேண்டும் என வரம்புரை கேட்கவில்லை; தீங்காகலாம் என்ற கருத்தே போதுமானது.

ஆயினும் அவ்வரம்புரை குழந்தைக்கு நேரும் தீங்கை மட்டுமே சுட்டுகிறது. சந்திப்பின்போது தாய்க்கு நேரக்கூடிய தீங்கு அதன் சொற்களுக்குள் வரவில்லை. தாய் அச்சுறுத்தப்படுவதைக் குழந்தை காண்பதே குழந்தைக்கு இழைக்கப்படும் தீங்கு என நடுவர் விரித்துப் பொருள் கொண்டாலன்றி இவ்விடைவெளி அடைபடாது. வன்முறைக்கு இலக்கணம் கூறும் 3ஆம் பிரிவும் பாதிக்கப்பட்ட பெண்ணை மையமிட்டே அமைந்துள்ளது. பார்த்து நிற்கும் குழந்தை அங்கு வெளிப்படையாக இடம்பெறவில்லை. ஒரு பிரிவு தாயை நோக்கியும் மற்றொன்று குழந்தையை நோக்கியும் நிற்க, இருவரும் ஒரே வீட்டில் ஒரே அச்சத்தில் வாழ்ந்தவர்கள் என்பது இவ்விரண்டிற்கும் இடையே நழுவிவிடுகிறது.

இருவேறு ஆயுள்

18ஆம் பிரிவின்கீழ் வழங்கப்படும் பாதுகாப்பு ஆணை, பாதிக்கப்பட்டவரே அதனை நீக்கக் கோரும் வரை நடைமுறையில் இருக்கும் என்கிறது 25ஆம் பிரிவு. சூழ்நிலை மாறியதாக மனநிறைவு ஏற்பட்டால் நடுவர் அதனை மாற்றவும் கூடும். 21ஆம் பிரிவின் காவல்பொறுப்போ தற்காலிகமானது. நிலையான தீர்வுக்குப் பாதுகாவலர் மற்றும் சிறார் சட்டம், 1890-இன்கீழ் குடும்பநல நீதிமன்றத்தையோ மாவட்ட நீதிமன்றத்தையோ நாடவேண்டியுள்ளது. அங்கு தந்தைக்கு வாராந்தரச் சந்திப்பு வழங்கப்படும்போது, அவர் தாயுடன் எவ்வகையிலும் தொடர்புகொள்ளக் கூடாது எனும் முந்தைய ஆணை உயிருடன் இருக்கலாம். குழந்தைக்குக் காய்ச்சல், இன்று வர இயலாது என்பதை யார் யாரிடம் சொல்வது? சட்டநூல்களில் சிறிதாகத் தோன்றும் இவ்வினா, ஒவ்வொரு வாரமும் ஒப்படைப்பு வேளையில் பேருருக் கொள்கிறது.

1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பாதுகாவலரை அமர்த்துகையில் சிறாரின் வயது, பால், சமயம், பாதுகாவலராக விழைபவரின் பண்பும் தகுதியும், உறவின் நெருக்கம் முதலியவற்றைக் கருதச் சொல்கிறது. குடும்ப வன்முறை அப்பட்டியலில் பெயர் சுட்டப்படவில்லை; ‘பண்பு’ எனும் பொதுச்சொல்லுக்குள் அது அடங்கிக் கிடக்கிறது. பிற வழக்குகளில் தாம் பெற்ற தீர்வை நடுவருக்குத் தெரிவிக்கும் கடமையை 26ஆம் பிரிவு பாதிக்கப்பட்ட பெண்ணின்மீது சுமத்துகிறது. தம்மீது பாதுகாப்பு ஆணை உள்ளதைக் காவல்பொறுப்பு வழக்கில் தெரிவிக்கும் இணையான கடமையை எதிர்மனுதாரர்மீது அப்பிரிவு சுமத்தவில்லை. தகவல் ஒரு திசையில் மட்டுமே பயணிக்கிறது.

இச்சூழலில்தான் உச்ச நீதிமன்றத்தின் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று கவனத்திற்குரியதாகிறது. அமெரிக்காவிலிருந்து அழைத்துவரப்பட்ட குழந்தை குறித்த அவ்வழக்கில், பெற்றோருள் ஒருவருக்குக் குழந்தையுடனான தொடர்பை முற்றாக மறுப்பது மிகத் தீவிரமான சூழல்களில் மட்டுமே தகும் என்றும், மறுப்பின் காரணங்களைக் கூறவேண்டும் என்றும் நீதிமன்றம் கருதியது. வன்முறையற்ற பிரிவுகளுக்கு இது பொருத்தமான நெறியே. 21ஆம் பிரிவின் வரம்புரை பொருந்தும் வழக்குகளுக்கு இதனை அப்படியே கொண்டுசெல்வதுதான் சிக்கல். ‘தீங்காகலாம்’ எனும் தாழ்ந்த வாயிற்படி, ‘மிகத் தீவிரம்’ எனும் உயர்ந்த வாயிற்படியாக ஓசையின்றி மாறிவிடும்.

எதிர்வாதம்

23ஆம் பிரிவின்கீழ் உறுதிமொழி ஆவணத்தின் அடிப்படையில் ஒருதலையாகவும் ஆணை பிறப்பிக்க இயலும் என்பதால், பாதுகாப்பு ஆணை இருப்பதையே தந்தைக்கு எதிரான சான்றாகக் கொள்ளலாகாது என்பர். இது வலுவான வாதம். கலிஃபோர்னியக் குடும்பச் சட்டத் தொகுப்பின் 3044ஆம் பிரிவும் வன்முறை நிகழ்ந்தது என நீதிமன்றம் கண்டறிந்த பின்னரே, வன்முறையாளருக்குக் காவல்பொறுப்பு அளிப்பது குழந்தை நலனுக்கு முரணானது என்ற, மறுக்கத்தக்க ஊகத்தை மேற்கொள்கிறது. ஆனால் இவ்வாதம் கோருவது விசாரணையையே. ஆணையைக் கண்டும் காணாதிருப்பதை அன்று. ஒருதலை ஆணை ஐயத்திற்குரியதெனில் அதன் பின்புலத்தைக் காவல்பொறுப்பு நீதிமன்றம் முதலில் விசாரித்தறிவதே முறை.

மேற்பார்வை எனும் இடைவழி

முற்றான மறுப்புக்கும் தடையற்ற சந்திப்புக்கும் நடுவே மேற்பார்வையுடன் கூடிய சந்திப்பு உள்ளது. சென்னைக் குடும்பநல நீதிமன்ற வளாகத்திலுள்ள குழந்தைகள் மையம் போன்ற இடங்கள் இதற்குப் பயன்படுகின்றன. அவை சந்திப்பு நேரத்தைக் காக்கின்றன. தாயும் குழந்தையும் வீடு திரும்பும் வழியை அன்று. 2006ஆம் ஆண்டு விதிகளின் 10ஆம் விதி, நடுவர் எழுத்துமூலம் பணித்தால், குழந்தையின் காவல்பொறுப்பை மீளப் பெறவும் தம் மேற்பார்வையில் குழந்தையைச் சந்திக்கவும் பாதிக்கப்பட்டவருக்குப் பாதுகாப்பு அலுவலர் உதவ வேண்டும் என்கிறது. இங்கு மேற்பார்வை என்னும் சொல் தாயின் சந்திப்பையொட்டியே வருகிறது. எதிர்மனுதாரரின் சந்திப்பைப் பாதுகாப்பு அலுவலர் மேற்பார்வையிடுவது பற்றி அவ்விதி ஏதும் கூறவில்லை.