பாண்டியன் மகள்

பிராங் ஹேர்பேர்ட்டின் ‘டியூன்’ நாவல் 1965இல் வந்தது. ஜோர்ஜ் லூக்காஸின் ‘ஸ்டார் வார்ஸ்’ படம் 1977இல். இரண்டையும் அறிந்தவர்கள் ஒற்றுமை சொல்லத் தொடங்கினால் முதலில் மணலைத்தான் சொல்வார்கள். அங்கும் பாலைக் கிரகம், இங்கும் பாலைக் கிரகம். அங்கே பேரரசையே ஆட்டிவைக்கும் ‘ஸ்பைஸ்’, இங்கே பேச்சோடு பேச்சாக வந்துபோகும். காற்றின் ஈரத்தைப் பிடித்துத் தண்ணீராக்கும் குடிகள் இரண்டிலும் உண்டு. இவை மேலோட்டமான கடன்கள். எனக்குப் பிடித்த ஒற்றுமை வேறு.

‘டியூன்’ நாவலில் தகப்பனைப் பறிகொடுத்த நாயகன் போல், தாயோடு பாலைவனத்தில் ஒரு கூடாரத்துக்குள் ஒளிந்திருக்கிறான். தன் குலத்தை அழித்த ஹார்கொன்னன் பிரபுவின் மகள்தான் தன் தாய் என்பது அங்கேதான் அவனுக்குப் புலப்படுகிறது. பகைவனின் பேரன் அவன். ஹேர்பேர்ட் அதில் அதிகம் தங்காமல் கதையை நகர்த்திவிடுகிறார். 1980இல் வந்த இரண்டாவது ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில், கை வெட்டுண்டு பாதாளத்தின் விளிம்பில் நிற்கும் நாயகன் லூக்கிடம் அவன் பகைவன் டார்த் வேடர், தானே அவன் தகப்பன் என்கிறான். முன்னதில் வழியில் வந்துபோனது பின்னதில் உச்சக்கட்டமாகிவிட்டது.

வன்னியில் கண்ணகி கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் திருப்பம் புதிதல்ல. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில், தெய்வமாகத் தோன்றும் கண்ணகி, பாண்டியன்மேல் குற்றமில்லை என்கிறாள். அதோடு, தான் அவன் மகள் என்றும் சொல்லிவிடுகிறாள். மதுரையை எரித்தவள் வாயிலிருந்து வரும் சொல் இது! இளங்கோ அதற்கு விளக்கம் தரவில்லை. சொல்லிவிட்டு அப்பால் போய்விடுகிறார்.

ஈழத்துக் ‘கண்ணகி வழக்குரை’ அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. அதில் அம்மன் பாண்டியனின் தோட்டத்து மாங்கனியில் பிறக்கிறாள். இந்தப் பிள்ளையால் நாட்டுக்குக் கேடு வரும் என்று அஞ்சிப் பேழையில் வைத்துக் கடலில் விடுகிறார்கள். பேழை காவிரிப்பூம்பட்டினத்துக் கரையில் மாநாய்கன் கையில் சேருகிறது. எவளைத் தூக்கி எறிந்தானோ அவளே ஒரு நாள் ஒற்றைச் சிலம்போடு அவன் சபைக்கு வருகிறாள்.

முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தை இந்தக் கதையையும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்கவேண்டும். இங்குள்ள ஆட்டமுறைக்கு முல்லைமோடி என்றே பெயர். விடிய விடிய நடக்கும் ஆட்டத்தில் இடையிடையே சனம் கண்ணயரும். சிலம்பைத் தூக்கிக்கொண்டு கண்ணகி களரிக்குள் வரும்போது, பாயில் சரிந்து கிடந்த ஆச்சிமாரும் எழும்பிக் குந்திவிடுவார்கள். களரியில் நடப்பது அரசனிடம் கேட்கும் நியாயம். பிறப்புக் கதை கேட்ட காதுக்கோ, தன்னை யாரென்று அறியாத தகப்பனோடு மகள் வழக்காடுகிறாள். பாண்டியன் சாயும்போது சந்தோசப்பட முடிவதில்லை. பழைய கதையின் ஒரு சொல்லை வளர்த்தெடுத்ததில் கிடைத்த வலி அது. லூக்காஸின் அந்தக் காட்சியிலும் இதே வலிதான்.

ஆனால் வன்னிக்காரர் இதற்கும் அப்பால் போனார்கள். இளங்கோவின் கண்ணகி வானுலகு போய்விடுகிறாள். சேரன் எடுத்த கோயிலுக்கு இலங்கையின் கயவாகு மன்னனும் வருகிறான். நம்மவர் கதையிலோ எரித்த ஆத்திரம் ஆறாத அவள் கடல் கடந்து இங்கே வருகிறாள். ஊர் ஊராகத் தங்கி, பத்தாவதாக நந்திக்கடல் கரையில் வற்றாப்பளையில் இறங்குகிறாள். 2009க்குப் பிறகு உலகம் நந்திக்கடலைப் போர் முடிந்த இடமாகவே அறியும். எங்களுக்கு அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அது அம்மன் வந்திறங்கிய கரை.

அங்கே மாடு மேய்க்கும் பொடியளிடம் ஓர் ஆச்சியாக வந்து பசிக்கிறது என்கிறாள். அவர்கள் புக்கை பொங்குகிறார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்தண்ணியை ஊற்று என்கிறாள், ஊற்றினால் எரிகிறது. பிறகு தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள். மயிரை விலக்கிய பொடியள் தலையெல்லாம் கண்களைக் கண்டு திகைக்கிறார்கள். ஒரு நகரத்தையே தின்ற நெருப்பு, உப்புத்தண்ணியில் எரியும் ஒரு திரியளவுக்கு இறங்கிவிட்டது. வைகாசிப் பொங்கலுக்கு முன்னால் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் இன்றும் கடல்நீரில்தான் விளக்கெரிக்கிறார்கள்.

பேரழிவைச் செய்தவர் அதற்குப் பிறகு எங்கே போவார் என்ற கேள்வியை நான் அறிந்த விண்வெளிக் காவியங்களில் பல கேட்பதில்லை. ஒரு போர் முடிந்தால் அடுத்த போர் வந்துவிடுகிறது. ஹேர்பேர்ட் மட்டும் 1969இல் ‘டியூன் மெசையா’வில் கிட்ட வந்தார். தன் பெயரால் கோடிக்கணக்கானோர் செத்த பிறகு, கண்ணிழந்த போல் அந்தப் பாலைக் கிரகத்து மக்களின் வழக்கப்படி தனியே பாலைவனத்துக்குள் நடந்துவிடுகிறான். துணிச்சலான முடிவுதான். ஆனால் அந்த மணலில் அவனுக்குப் பொங்கிப் போட ஒரு பொடியனையும் ஹேர்பேர்ட் வைக்கவில்லை.