எந்த வேரில் நிற்கிறது அந்த ரோஜா?

டெக்சாஸ் ரோஜாவுக்கு ஆண்டுக்கு இரண்டு பூக்காலம். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் பூச் சிறுத்து, இலை கொட்டி ஒடுங்கிக் கிடக்கும் செடிகள், அக்டோபரில் இரவு குளிரத் தொடங்கியதும் மறுபடி துளிர்க்கின்றன. வசந்தத்தைவிட இந்தச் சுற்றில் பூவின் நிறமும் மணமும் அழுத்தமாக இருக்கும். பிரென்ஹாம் நகருக்கு அருகே இண்டிபெண்டன்ஸ் என்னும் சிற்றூரில் உள்ள ‘ஆன்ட்டிக் ரோஸ் எம்போரியம்’ என்ற நாற்றுப்பண்ணை தன் ரோஜாத் திருவிழாவை நவம்பரில் நடத்திவந்ததற்குக் காரணம் இதுதான். அதே வாரங்களில் அமெரிக்கத் தென்மாநிலப் பண்ணைகளின் நிழல்வலைக்கடியில் சசாங்குவா காமெலியாக்களும் பூக்கத் தொடங்கிவிடும். மண்ணில் சூடு மிச்சமிருப்பதால் இப்போது நட்ட செடி குளிர்காலம் நெடுக வேர்விடும். செடி வாங்க இதைவிட நல்ல பருவம் இல்லை. ஆனால், பூத்து நிற்கும் செடியைப் பார்த்து மயங்கி, தொட்டிக்குள் இருப்பது என்ன வேர் என்று கேட்காமலே வாங்கிப் போகிற பருவமும் இதுவே.

பழைய ரோஜா விற்கும் பண்ணைகள் பல இதில் ஒரு கொள்கையை உறுதியாகப் பிடித்திருக்கின்றன: ரோஜாவை ஒட்டுக்கட்டக் கூடாது, குச்சி நட்டு, அதன் சொந்த வேரிலேயே வளர்க்க வேண்டும். 1980களில் மைக் ஷூப் எம்போரியத்தைத் தொடங்கியபோது சந்தை ஒட்டு ரோஜாக்களின் கையில் இருந்தது. டெக்சாஸ் மண்ணுக்குரிய செடிகளை வளர்த்து விற்றுக்கொண்டிருந்த அவர், கைவிடப்பட்ட பண்ணைவீடுகளிலும் கல்லறைத் தோட்டங்களிலும் வேலியோரங்களிலும் யாரும் நீரூற்றாமல், மருந்தடிக்காமல் பூத்துக்கொண்டிருந்த ரோஜாக்களைக் கண்டார். ‘டெக்சாஸ் ரோஸ் ரஸ்லர்ஸ்’ குழுவினரும் ஊர் ஊராகப் போய் இப்படிக் குச்சி சேகரித்தார்கள். பெயர் தெரியாதவற்றுக்குக் கிடைத்த இடத்தின் பெயரோ வீட்டுக்காரரின் பெயரோ நிலைத்தது. நவசோட்டா ஊரில் ஒரு வீட்டில் கிடைத்த சிவப்பு ரோஜா இன்று ‘மார்த்தா கொன்சாலெஸ்’. 1867-இல் கியோ உருவாக்கிய ‘லா ஃபிரான்ஸ்’ முதல் ஹைப்ரிட் டீ ரோஜாவாகக் கருதப்படுகிறது. அதற்கு முன்பே இருந்த வகைகளைப் பழைய தோட்ட ரோஜாக்கள் என்று பிரிப்பது வழக்கம். வணிகம் கைவிட்ட அந்த வகைகளில் பலவற்றை இந்தக் குச்சிகள்தான் திரும்பக் கொண்டுவந்தன. இதை நான் பெரிய பண்பாட்டுப் பணியாகவே மதிக்கிறேன்.

ஒட்டுக்கட்டுதல் எப்படி ஆட்சிக்கு வந்தது என்பது எளிய கணக்கு. குச்சி நட மூன்று நான்கு கணுக்கள் வேண்டும். கண் ஒட்டுக்கு ஒரே ஒரு கண் போதும். அரிய ரகம் ஒன்றிலிருந்து கைப்பிடித் தண்டு கிடைத்தால் பத்துப் பதினைந்து செடி செய்துவிடலாம். வலுவான வேர்ச்செடியின் மேல் ஏற்றியதால் அது வேகமாகப் பருத்து விற்பனைக்கும் தயாராகிவிடும். கலிஃபோர்னிய வயல்களில் இதற்கென வழங்கும் வேர்ச்செடி ‘டாக்டர் ஹியூய்’. ஜார்ஜ் சி. தாமஸ் உருவாக்கி 1920-இல் வெளிவந்த கருஞ்சிவப்புக் கொடி ரோஜா அது. மேலே ஒட்டிய ரகம் உறைபனியிலோ நோயிலோ பட்டுப்போனால் அடியிலிருந்து ஹியூய் எழும்பும். மஞ்சள் ரோஜா நட்ட வீட்டில் சில ஆண்டுகளில் ஏப்ரல் மாதம் மட்டும் கருஞ்சிவப்பு பூக்கும். வீட்டுக்காரர் ரோஜா நிறம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். அமெரிக்கத் தெருக்களில் இந்தக் காட்சி சாதாரணம். சொந்த வேரில் நிற்கும் செடிக்கு இந்த விபத்து இல்லை. 2021 பிப்ரவரியில் டெக்சாஸைத் தாக்கியது போன்ற கடுங்குளிரில் மண்ணுக்கு மேலுள்ள அத்தனையும் கருகினாலும், வேர் பிழைத்திருந்தால் அதே ரோஜாவே திரும்ப வரும்.

ஒட்டின் மேல் உள்ள கனமான குற்றச்சாட்டு வேறு. ரோஜா மொசைக் என்னும் வைரஸ் நோய் முக்கியமாக ஒட்டுக்கட்டும் தொழிலால் பரவியது. நோயுள்ள வேர்ச்செடியில் நல்ல கண்ணை ஒட்டினாலும், நல்ல வேர்ச்செடியில் நோயுள்ள கண்ணை ஒட்டினாலும் முழுச் செடிக்கும் வைரஸ் ஏறிவிடும். இலையில் மஞ்சள் வளைகோடுகள், குறைந்த பூ, குறைந்த ஆயுள். இன்னொரு வேர்ச்செடியான மல்டிஃப்ளோரா, 19-ஆம் நூற்றாண்டில் ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தது. 1930களில் அரசின் மண்பாதுகாப்புத் துறையே உயிர்வேலிக்கு அதைப் பரிந்துரைத்தது. பறவைகள் விதை பரப்ப, அது மேய்ச்சல் நிலங்களை விழுங்கும் களையாகி, சிலந்திவகை நுண்பூச்சியால் பரவும் ரோஸ் ரோசெட் நோய்க்குப் புகலிடமும் ஆனது. அந்த நோய் வந்தால் எந்த வேரில் நின்றாலும் ரோஜாவுக்குத் தப்பிப்பு இல்லை.

இவ்வளவையும் ஏற்ற பிறகும், சொந்த வேர்க் கொள்கையின் மையமான வாதத்தில் ஓட்டை இருக்கிறது. கல்லறையில் நூறாண்டு கவனிப்பாரின்றிப் பிழைத்த ரோஜாவைக் காட்டி, சொந்த வேரே வலிமை என்கிறார்கள். பிழைத்தவை மட்டும்தானே கண்ணில் படுகின்றன? அதே சுவரோரம் அதே காலத்தில் நட்டு, மூன்றாம் கோடையில் மாண்டுபோன சொந்த வேர்ச் செடிகளிலிருந்து குச்சி எடுக்க யாராலும் முடியாது. ‘மார்த்தா கொன்சாலெஸ்’, ‘ஓல்டு பிளஷ்’ போன்ற சீன ரோஜாக்கள் குச்சியில் எளிதாக வேர்பிடித்து வலுவாக வாழும். 1864-ஐச் சேர்ந்த ‘மாரெஷால் நீல்’ அப்படியல்ல. மஞ்சள் நுவாசெட் ரோஜாக்களில் மணத்துக்குப் பேர்போன அது தன் வேரில் நோஞ்சான். ஃபார்ச்சூனியானா என்னும் வேர்ச்செடியில் ஏற்றினால்தான் சுவர் நிறையப் படரும். வேரில் நூற்புழு மொய்க்கும் ஃபுளோரிடா மணலில் பல நல்ல ரகங்களுக்கும் இதே ஃபார்ச்சூனியானாதான் கதி. மறுபுறம் காலிக்கா ரோஜாக்கள் சொந்த வேரில் கட்டுக்கடங்காமல் சிம்புவிட்டுப் பாத்தி முழுக்க ஓடும். சிறு தோட்டம் வைத்திருப்பவரிடம் இதைச் சொல்லாமல் விற்பது நியாயமில்லை.

சொந்த வேர் என்றால் நோயற்றது என்று வாங்குகிறவர் எடுத்துக்கொள்வது இன்னும் பெரிய பிழை. எங்கோ ஒருமுறை ஒட்டுக்கட்டப்பட்டு மொசைக் ஏறிய தாய்ச்செடியிலிருந்து எடுத்த குச்சியிலும் வைரஸ் இருக்கும். அதைப் போக்க, டேவிஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் செய்வதுபோல் செடியை வாரக்கணக்கில் வெப்ப அறையில் வைத்து, சோதித்து எடுக்க வேண்டும். குச்சி நடுவதால் மட்டும் பழைய நோய் கழுவப்படுவதில்லை.

காமெலியாவிடம் வந்தால் சொந்த வேர்க் கொள்கை தலைகீழாகிறது. கனத்த களிமண்ணும் தேங்கும் மழையும் உள்ள தென்மாநிலங்களில் ஜப்பானிக்கா காமெலியாவைக் கொல்வது ஃபைட்டாப்தோரா சின்னமோமி என்னும் வேரழுகல். சசாங்குவாவின் வேர் அதைப் பெரிதும் தாங்கும். ஆகவே ‘கன்ஜிரோ’ போன்ற சசாங்குவா வேரில் ஜப்பானிக்காவைப் பிளவு ஒட்டாக ஏற்றுவது இங்கே செடியின் உயிரைக் காக்கிற வேலை. குச்சியில் வேர்விடத் தயங்கும் ரெட்டிகுலாட்டா காமெலியாவுக்கும் ஒட்டுதான் வழக்கமான வழி. நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் நாம் அறிந்த தேயிலையும் காமெலியாதான். ஓரிலைக் குச்சி நட்டே அதைப் பெருக்குகிறார்கள். ஆனாலும் தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கமான உபாசியின் ஆய்வாளர்கள், வறட்சி தாங்கும் ரகத்தின் மேல் விளைச்சல் மிகுந்த ரகத்தை நாற்றங்காலிலேயே ஒட்டிப் பார்த்தார்கள். எந்தச் செடிக்கு எந்த மண்ணில் எது என்ற கேள்விதான் அங்கேயும் வழிகாட்டியது.

அதே காமெலியா உலகில் ஒட்டின் மிகக் கோளாறான பயன்பாடும் இருக்கிறது. சிவப்பு ரகத்தை மஞ்சள் தேமல் வைரஸ் உள்ள வேர்ச்செடியில் வேண்டுமென்றே ஒட்டி, பூவில் வெள்ளைத் திட்டுகளை வரவழைத்து, பெயருக்குப் பின்னால் ‘வேரிகேட்டட்’ என்று சேர்த்து விற்பது நெடுநாள் வழக்கம். பூ அழகுதான், மறுக்கவில்லை. இலையிலும் திட்டு விழும், செடியின் வளர்ச்சியும் குன்றக்கூடும். ரோஜாவில் நோய் என்று விலக்கியதைக் காமெலியாவில் அலங்காரமாக விற்கும்போது, அட்டையில் அந்த உண்மையை எழுதாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் முடிவு ஒட்டுக்கு எதிரானதும் அல்ல, குச்சிக்கு எதிரானதும் அல்ல. சீன ரோஜா, டீ ரோஜா வகைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த வேரே சரி. முதல் இரண்டு ஆண்டு சிறுத்து நிற்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். ‘மாரெஷால் நீல்’லுக்கும் களிமண் காமெலியாவுக்கும் இரவல் வேர் வேண்டும். ரகத்தின் பெயர், உருவாக்கியவர், ஆண்டு, பூவின் அகலம் என்று இவ்வளவும் அச்சிடும் பெயரட்டையில் வேரின் பெயருக்கு ஒரு வரி ஒதுக்கக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. அந்த வரி வரும்வரை வாங்குகிறவர்தான் தொட்டியின் மேல்மண்ணை விரலால் விலக்கி, தண்டின் அடியில் ஒட்டுமுடிச்சு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அது எந்த வேர் என்று பண்ணைக்காரரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.