புகைக்கு யார் விலை கொடுப்பது?

போன பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு தொடங்கியது. மொட்டை மாடியில் வைக்க ஒரு பெல்லட் கிரில் வாங்கலாமா, வேண்டாமா? வாங்கலாம் என்றவர் என் கணவர். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. மோட்டார், திருகு, விசிறி என்று எதைக் கண்டாலும் முகம் மலர்ந்துவிடும். இந்தக் கிரில்லில் மூன்றும் இருக்கின்றன. மரத்தூளை அழுத்திச் செய்த சின்னத் துண்டுகளைப் பக்கத்துப் பெட்டியில் கொட்டிவிட வேண்டும். ஒரு திருகுத்தண்டு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும். மின்சாரத்தில் சூடாகும் கம்பி பற்றவைக்கும். விசிறி காற்று கொடுக்கும். 110 டிகிரி என்று வைத்துவிட்டால் மணிக்கணக்கில் அதே சூட்டில் கறி வேகும். விறகுப் புகையின் வாசமும் ஏறும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ டிரேகர் இதற்கு 1986-ல் காப்புரிமை பெற்றார். நாங்கள் பார்த்ததன் விலை லட்சத்தைத் தாண்டியது.

"வச்சுட்டு மறந்துடலாம்" என்றார் அவர். விளம்பரங்கள் சொல்வதும் அதைத்தான். யார் எதை மறக்கலாம் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

கொங்கு நாட்டில் நெருப்புக்கு இரண்டு இடங்கள் உண்டு. வீட்டுக்குள் எரிவது பெண்ணுடையது. வெளியே எரிவது ஆணுடையது. கோயில் நோம்பி, கிடாவெட்டு என்றால் கல் கூட்டி அண்டா ஏற்றுவதும், கறி வெட்டுவதும், நின்று கிண்டுவதும் ஆண்கள். சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள். "யாரு கைப்பக்குவம்?" என்று கேட்டுச் சாப்பிடுவார்கள். அதே சமையல் மற்ற நாட்களில் உள்ளே நடக்கும்போது அதை யாரும் வேலை என்றுகூடச் சொல்வதில்லை. அந்த வெளி நெருப்புக்கும் வெங்காயம் உரிக்கவும் மசாலா அரைக்கவும் மட்டும் நாங்கள் தேவைப்பட்டோம். மொட்டை மாடி பார்பிக்யூ கடல் தாண்டி வந்தது போலத் தெரியும். எங்கள் ஊரில் அது கிடாவெட்டு அண்டாவின் தம்பி.

உள் நெருப்பின் கணக்கு என் அம்மிச்சியின் நெஞ்சில் இருக்கிறது. காங்கேயம் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் பருத்திமாரும் தென்னை மட்டையும் வைத்து நாற்பது வருடம் அடுப்பெரித்தவர். பீடி, சுருட்டு தொட்டதில்லை. அவருக்கு வந்திருப்பது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். புகைபிடிக்காத பெண்களுக்கு இந்நோய் வருவதற்கு விறகடுப்புப் புகை ஒரு பெரிய காரணம். வீட்டுக்குள் சூழும் இத்தகைய புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. கிரில்லைப் பற்றிச் சொன்னபோது அம்மிச்சி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "பொகையக் காசு குடுத்து வாங்குவாங்களா கண்ணு?"

மாதத்தில் ஒரு நாள் திறந்த மாடியில் வரும் புகையும், மூன்று வேளையும் சன்னலில்லாத அடுப்படியில் நின்ற புகையும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். வேண்டும்போது தேடிப் போகவும் வேண்டாதபோது விலகி நிற்கவும் முடிகிறவர்களுக்குத்தான் புகை ஒரு சுவை. அம்மிச்சிக்கு அந்த வசதி இருந்ததில்லை.

நான் இயந்திரங்களுக்கு எதிரி அல்ல. கோவைக்காரி எப்படி எதிரியாக இருக்க முடியும்? 1955-ல் இங்கே சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டர் ஆட்டுக்கல்லின் முன்னிருந்து பெண்களை எழுப்பிவிட்டது. ஆனால் அதற்கு முன் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இட்லி, நோம்பி நாள் பலகாரம். அன்றாடம் கம்பும் சோளமும் ராகியும்தான். கிரைண்டர் வந்தபின் இட்லி அன்றாடமானது. கூடவே சட்னியும் சாம்பாரும் அன்றாடமாயின. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் வெளியிட்ட நூலில் இதையே தன் நாட்டுக்குக் காட்டினார். இரும்பு அடுப்பு வந்தபோது விறகு குறைவாகத் தேவைப்பட்டது. விறகு வெட்டிய ஆணின் வேலை குறைந்தது. ஒரே அடுப்பில் பல பண்டம் செய்ய முடிந்ததால் சமைத்த பெண்ணின் வேலை கூடியது.

இதை வைத்துப் பெல்லட் கிரில்லைப் பார்த்தேன். முடிவு செய்யும் முன் நண்பர் வீட்டுக் கரி கிரில்லை இரவல் வாங்கி ஒரு ஞாயிறு சோதித்தோம். கோழி கழுவி, கீறி, மசாலா அரைத்துத் தடவியது நான். தட்டு, தண்ணீர், வெங்காயம், எலுமிச்சை மாடிக்கு ஏற்றியதும் நான். அவர் இரண்டு மணி நேரம் நெருப்பருகே நின்றார், விசிறினார், புரட்டினார், பாராட்டு வாங்கினார். எல்லோரும் போனபின் கொழுப்பும் கரியும் ஒட்டிய கம்பித் தட்டை இரவு பத்தரை வரை தேய்த்தது நான்.

பெல்லட் கிரில் இதில் எதை எடுத்துக்கொள்கிறது? நெருப்பருகே நிற்பதை. ஆண் செய்த அந்த ஒரே வேலையை மோட்டார் செய்யும். அரைப்பதும் தடவுவதும் கழுவுவதும் அப்படியே கிடக்கும். கூடுதலாகத் தீக்கிண்ணத்துச் சாம்பலை அள்ள வேண்டும், கொழுப்பு வடியும் வாளியைக் கொட்ட வேண்டும். மறந்துவிடலாம் என்ற வாக்குறுதி ஏற்கெனவே மறந்திருப்பவருக்குத் தரப்படுகிறது.

எரிபொருளிலும் ஒரு பாடம் உண்டு. பிபி நிறுவனமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 'ஊர்ஜா' என்ற பெல்லட் அடுப்பை உருவாக்கி 2006 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்தன. விவசாயக் கழிவில் செய்த பெல்லட், சிறு விசிறி, குறைந்த புகை. ஊர்ப் பெண்களே முகவர்களாக இருந்து விற்றார்கள். தமிழகம், கர்நாடகம், மகாராஷ்டிரத்தில் லட்சக்கணக்கில் போனது. பிறகு மூலப்பொருள் விலை ஏறியது, பெல்லட் விலையும் ஏறியது. பெல்லட் இல்லாமல் அந்த அடுப்பு எரியாது. வீடுகளில் அதன் பயன்பாடு சுருங்கிப்போனது. சுள்ளி பொறுக்கி எரித்தவளிடமிருந்து எரிபொருளைத் தானே தேடிக்கொள்ளும் வழியும் போயிற்று. எங்கள் கிரில்லுக்கும் ஒரே வகைத் துண்டுதான். மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும்.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஞாயிறு எனக்குக் கோபம் மட்டும் வரவில்லை, பொறாமையும் வந்தது. சின்ன வயதில் கிடாவெட்டு அண்டாவுக்குப் பக்கத்தில் போன என்னை, "பொட்டப்புள்ளைக்கு இங்கென்ன வேலை?" என்று விரட்டியிருக்கிறார்கள். நெருப்பருகே நிற்பது எனக்கும் பிடிக்கும். கறி எப்போது பதமாகும் என்று நாலு பேர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. பார்பிக்யூ ஆணின் விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டால் அந்த இடத்தையும் நானே விட்டுக்கொடுத்ததாகும்.

அதனால் பெல்லட் கிரில் வாங்கவில்லை. சின்னக் கரி கிரில் ஒன்று வாங்கினோம். கரியும் குற்றமற்றதல்ல, கொட்டாங்குச்சி சுடும் தொட்டிகளால் கிணற்று நீர் கெட்டதாக எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்லாத நாளில்லை. எனவே மாதம் ஒரு முறைதான் பற்றவைக்கிறோம். ஒரு மாதம் அவர் நெருப்பு, நான் மற்றதெல்லாம். அடுத்த மாதம் மாற்றி.

என் முறை வந்த முதல் ஞாயிறு, கறி ஒரு பக்கம் கருகிப்போனது. யாரும் பாராட்டவில்லை. அம்மிச்சியின் நாற்காலியைப் புகை வராத பக்கம் நகர்த்திப் போட்டிருந்தேன். அங்கிருந்தபடியே, "காத்த அடைச்சுப் போட்டியே, கரிய ஒதுக்கு" என்று கை காட்டினார். கீழே குழாயடியில் கம்பித் தட்டு தேய்க்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. "இது போவே மாட்டேங்குதே" என்று அவர் கத்தினார்.

"போகும்ங்க. இன்னொரு மணி நேரம் ஆகும்" என்றேன்.