பென்சாவ் காங்மு: ஒரு மருந்து நூலின் பார்வையும் எல்லையும்

பழைய மருந்து நூல்களை இக்காலத்திற் படிப்போர் பெரும்பாலும் இரு சாரார். விஞ்ஞானம் இன்று காண்பனவற்றை முன்னோர் அன்றே கண்டனர், நூலிற் கூறப்பட்டவை யாவும் அனுபவத்தால் நிறுவப்பட்டவை என்பார் ஒரு சாரார். அவை மந்திரமும் மயக்கமும் கலந்த பழங்கதைகள், அவற்றுள் ஓரிரண்டு உண்மைகள் தற்செயலாக அகப்பட்டன என்பார் மற்றைச் சாரார். ஒருவர் நூலை வணங்குகின்றார், மற்றவர் ஒதுக்குகின்றார், இருவருமே அதனை ஊன்றிப் படிப்பதில்லை. செய்யுள் நூலொன்றை ஆராய்வோர் சொல்லையும், சொல்லின் பொருளையும், கூறுவோன் நின்று நோக்கிய இடத்தையும் கருதுவர். மருந்து நூலுக்கும் அம்முறையே வேண்டற்பாலது. சீன மருத்துவத்தின் பெருநூலாகிய பென்சாவ் காங்மு அத்தகைய ஆராய்ச்சிக்கு மிகவும் இடந்தருவதாகும்.

இந்நூலை ஆக்கிய லி ஷிசென் (1518–1593) மிங் அரசர் காலத்தில், ஹூபெய்ப் பகுதியில், வைத்தியர் குடும்பமொன்றிற் பிறந்தவர். அரச பரீட்சையில் மும்முறை தோல்வியுற்றுத் தந்தையின் தொழிலையே கைக்கொண்டார். 1552 இல் தொடங்கி 1578 வரை நூலைத் தொகுத்தார். அவர் இறந்தபின், 1596 இல், நான்ஜிங் நகரில் அது அச்சேறி வெளிவந்தது. 52 பகுதிகளில் 1,892 மருந்துப் பொருள்களும், 11,000 க்கு மேற்பட்ட மருந்து முறைகளும் அடங்கியுள்ளன. எனினும் நூலின் பெருமை அதன் பருமனில் இல்லை. ஒவ்வொரு பொருளையும் அவர் வகுத்துரைக்கும் ஒழுங்கு நோக்கற்பாலது. முதலிற் பெயர் விளக்கம், பின்னர் முன்னோர் கூற்றுகளின் தொகுப்பு, பக்குவஞ் செய்யும் விதம், சுவையும் தன்மையும், தீர்க்கும் நோய், ஆசிரியர் தாமே கண்ட விளக்கம், இறுதியில் மருந்து முறைகள் என அது செல்லும். வேண்டுமிடத்துப் பிழை திருத்தம் என ஒரு தலைப்பும் இடையே வரும். முன்னோர் நூலைப் போற்றுவதே கடன் எனக் கருதிய ஒரு மரபினுள் நின்றுகொண்டு, முன்னோர் பிழைக்குத் தனித் தலைப்பு வகுத்தல் எளிய செயலன்று. பாதரசத்தை உண்டால் சாவாமை கிட்டும் என்று எழுதியோரை அவர் கடிந்துரைக்கும் பகுதி இதற்குத் தக்க சான்றாகும்.

அவருடைய கண் எத்தகையது என்பதனை ஊமத்தை பற்றிய பகுதி நன்கு காட்டும். சீனர் அதனை மான்துவோலுவோ என்பர். மந்தாரம் என்னும் வடசொல்லின் திரிபாகிய இது, பௌத்த நூல்களின் வழியே சீனஞ் சென்றது. சிரித்துக்கொண்டு பறித்த பூவை மதுவிலிட்டுப் பருகியவன் சிரிப்பான் என்றும், ஆடிக்கொண்டு பறித்த பூவாயின் ஆடுவான் என்றும் ஒரு செவிவழிச் செய்தி நிலவிற்று. லி ஷிசென் இதனை நம்பவுமில்லை, நகைத்துத் தள்ளவுமில்லை. தாமே பருகிப் பார்த்தார். பாதி மயக்கம் ஏறிய நிலையில் வேறொருவர் முன்னின்று சிரித்தோ ஆடியோ தூண்டினால் மட்டுமே அது பலிக்கிறது என்று எழுதிவைத்தார். ஊமத்தையில் உள்ள ஸ்கோபொலமீன் முதலிய சேர்வைகள் நினைவையும் அறிவையும் குழப்பவல்லன என்பது இன்று தெரியும். பறித்தவனுடைய சிரிப்புக்கும் பூவுக்கும் தொடர்பில்லை. தூண்டுவோனுக்கும் மயங்கியவனுக்குமே தொடர்பு. இரசாயனம் அறியாத ஒருவர், ஒரு மூட நம்பிக்கையைப் பிளந்து அதன் உள்ளிருந்த உண்மையை மட்டும் எடுத்த இடம் இது. புண்ணை அறுக்குமுன் இப்பூவைச் சூடான மதுவிற் கொடுத்தால் நோவு தெரியாது என்று கூறுவதும் அப்பகுதியிலேதான்.

மாஹுவாங் என்னும் எபீதிராச் செடியைப் பற்றிய பழைய கொள்கையும் இவ்வாறே கருதத்தக்கது. தண்டு வியர்வையை உண்டாக்கும், வேர் வியர்வையை நிறுத்தும் என்று சீன நூல்கள் வேறுபடுத்திக் கூறுவன. ஒரே செடி இரு மாறான செயல்களைப் புரியுமோ என்று ஐயுறுதல் இயல்பே. யப்பானிய இரசாயன அறிஞர் நகாய் நகயோஷி 1885 இல் இச்செடியினின்று எபெதிரீனைப் பிரித்தெடுத்தார். பீக்கிங்கில் ஆராய்ந்த சென், சிமிது ஆகிய இருவரும் 1924 இல் அதன் செயலை மேனாட்டு மருத்துவருக்கு அறிமுகஞ் செய்தனர். மூச்சுக்குழாயை விரித்து, இரத்த அழுத்தத்தை உயர்த்தும் இச்சேர்வை தண்டில் உண்டு. வேரிலோ எபெதிரடீன் எனப்படும் வேறு சேர்வைகள் காணப்பட்டன. அவை இரத்த அழுத்தத்தைத் தாழ்த்துவன. நூலின் கூற்று இங்கே ஆராய்ச்சிக்கு ஈடுகொடுத்து நிற்கின்றது.

சிங்ஹாவ் பற்றி எழுந்துள்ள புகழுரைகளை அவ்வளவு எளிதில் ஏற்றல் இயலாது. வியட்நாம் போரின்போது காட்டிலே மலேரியாவால் வீரர் பலர் மடிந்தமையால், சீன அரசு 1967 மே 23 இல் மருந்து தேடும் முயற்சியொன்றைத் தொடங்கிற்று. பீக்கிங்கில் அதற்கென அமைந்த குழுவுக்கு 1969 இல் து யூயூ அம்மையார் தலைவரானார். ஏறத்தாழ 200 மூலிகைகளினின்று எடுத்த 380 சாறுகள் சோதிக்கப்பட்டன. சிங்ஹாவ்ச் சாறு ஒருமுறை நூற்றுக்கு 68 பங்கு பலன் காட்டிற்று. மறுமுறை 12 க்கும் 40 க்கும் இடையிலே வீழ்ந்துவிட்டது. இந்நிலையில் அம்மையார் நான்காம் நூற்றாண்டில் கெ ஹொங் எழுதிய அவசர வைத்திய நூலை மீண்டும் புரட்டினார். ஒரு பிடி செடி, ஊறுவதற்கு நீர், பின்பு பிழிதல், பிழிந்த சாற்றைப் பருகுதல் என்ற அளவிலே அம்முறை முடிந்துவிடுகின்றது. அடுப்பைப் பற்றிய பேச்சே அங்கில்லை. சீன மருந்துகள் பெரும்பாலும் காய்ச்சி வடிக்கப்படுவன, இதுவோ பிழியப்படுவது. சூடு மருந்தைக் கெடுத்திருக்கலாம் என்று உய்த்துணர்ந்த அம்மையார், 35 பாகையிற் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாற்றை எடுத்தார். 1971 ஒக்டோபர் 4 இல் சோதிக்கப்பட்ட 191 ஆம் இலக்கச் சாறு எலிகளின் மலேரியாவை முற்றாக நீக்கிற்று. அடுத்த ஆண்டு, நோயாளருக்குக் கொடுக்குமுன், அம்மையாரும் உடன் உழைத்தோரும் தாமே அதனை உட்கொண்டு பார்த்தனர். 1972 இன் இறுதியில் ஆட்டிமிசினின் என்னும் சேர்வை பளிங்காகப் பிரிக்கப்பட்டது. அதன் மூலக்கூற்றில் இரண்டு ஒட்சிசன் அணுக்கள் ஒன்றையொன்று பற்றி ஒரு பாலமாய் நிற்கின்றன. மலேரியாக் கிருமி குருதியின் செந்நிறப் பொருளைச் செரிக்கும்போது வெளிப்படும் இரும்பு அப்பாலத்தை உடைக்க, உடைந்த துணுக்குகள் கிருமியையே அழிக்கின்றன. 2015 இல் அம்மையாருக்கு நோபல் பரிசிற் பங்கு கிடைத்தது.

இதனைக்கொண்டு, மலேரியாவின் மருந்தைச் சீன நூல்கள் முன்னரே அறிந்திருந்தன என்று கூறுவாரும் உளர். நூலைப் பார்ப்போருக்கு அக்கூற்று முழுவதும் பொருந்தாது. கெ ஹொங் அவ்வகைக் காய்ச்சலுக்குக் கூறும் பல முறைகளுள் இது ஒன்று; ஏனையவற்றுட் சில மந்திரச் செயல்களை ஒத்தவை. லி ஷிசென் அம்முறையை எடுத்தெழுதினாராயினும், சிங்ஹாவின் வேறு பயன்கள் பலவற்றின் நடுவே அதுவும் ஒன்றாய் நிற்கின்றது. காய்ச்சலுக்குப் பெயர்பெற்ற மருந்து அக்காலத்திற் சாங்ஷான் என்னும் வேறு செடி. அதிலும் கிருமியைக் கொல்லும் சேர்வை உண்டு. ஆனால் கடும் வாந்தியை விளைப்பதால் அது இக்கால மருந்தாக நிலைபெறவில்லை. மணியும் கல்லும் ஒரே கூடையிற் கிடந்தன. கூடையை வைத்திருந்தோர்க்கு மணி இன்னதென்று தெரிந்திலது. மற்றொன்றும் உண்டு. லி ஷிசென் சிங்ஹாவ் என்றும் மஞ்சட்பூ ஹாவ் என்றும் இரண்டு செடிகளைப் பிரித்துரைக்கின்றார். இக்காலத் தாவரவியலார் மஞ்சட்பூ ஹாவ் என வழங்கும் செடியிலேதான் ஆட்டிமிசினின் உள்ளது. சிங்ஹாவ் என அவர்கள் பெயரிட்ட செடியில் அது காணப்படவில்லை. பெயரை மட்டும் நம்பிச் செடியைத் தேடியிருப்பின் தேடல் வீணாய்ப் போயிருக்கும்.

ஆயினும் நூலை ஒதுக்குவோர்க்கும் இங்கு வெற்றியில்லை. ஆட்டிமிசினின் நீரில் எளிதிற் கரைவதன்று. எனவே நீரில் ஊறவைக்கும் முறை பயனற்றது என்று சொல்லப்பட்டதுண்டு. பச்சைச் செடியை நனைத்து இடித்துப் பிழிந்தால், வெறுமனே ஊறவைப்பதினும் பன்மடங்கு அச்சேர்வை சாற்றில் வருவது 2010 இல் வெளியான ஆய்வொன்றிற் காட்டப்பட்டது. பிழிதல் என்ற வினைச்சொல்லுக்கு ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் பொருள் இருந்தது.

நூலின் எல்லை வேறிடத்தில் வெளிப்படுகின்றது. பிரசல்ஸ் நகரில் 1990 முதல் 1992 வரை, உடல் மெலிவதற்கெனக் கொடுக்கப்பட்ட குளிகைகளில் சீன மூலிகைத் தூள்கள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று பாங்ஜி. அப்பெயரால் வழங்கும் வேர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. ஸ்தெபானியா என்னும் கொடியின் வேருக்குப் பதிலாக அரிசுத்தொலோக்கியா என்னும் கொடியின் வேர் வந்து சேர்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்கள், சிறுநீரகம் சுருங்கி நோயுற்றனர். 1993 இல் இச்செய்தி மருத்துவ உலகுக்கு அறிவிக்கப்பட்டது. துன்பம் அங்கும் முடியவில்லை. முற்றாகப் பழுதுற்ற சிறுநீரகங்களை அகற்றிக்கொண்ட 39 பேருள் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையிற் புற்றுநோய் இருந்தமை 2000 இல் வெளியாயிற்று. அரிசுத்தொலோக்கியா அமிலம் உடலில் மாற்றமடைந்து, உயிரணுவின் மரபுப் பொருளோடு ஒட்டிக்கொண்டு, அதனைத் திரித்துவிடுகின்றது.

இந்தத் தவறு முழுவதையும் பழைய நூலின்மேற் சுமத்துதல் நியாயமன்று. மெலிவதற்காக மாதக்கணக்கில் உண்ணும் பழக்கத்தை லி ஷிசென் விதித்தாரல்லர். வேரை மாற்றியவரும் அவரல்லர். மாஹுவாங் செடியையும் மெலிவதற்காக உண்டு சிலர் இருதய நோயால் மாண்டபின், அமெரிக்க அரசு 2004 இல் அதனை உணவுச் சரக்காக விற்பதைத் தடுத்தது. அதுவும் நூலுக்குப் புறம்பான பயன்பாடே. ஆனால் ஒரு வினா எஞ்சுகின்றது. அரிசுத்தொலோக்கியா இனச் செடிகள் நீண்டகாலமாகச் சீனரால் உண்ணப்பட்டிருந்தும், அவற்றின் கொடுமை நூல்களில் ஏன் பதிவாகவில்லை? அவ்வினச் செடியொன்றின் வேரை மிகுதியாய் உண்டால் வாந்தியும் பேதியும் உண்டாகும் என்ற எச்சரிக்கை பழைய நூல்களில் உண்டு. அன்று விளைந்த கேட்டை அவர்கள் கண்டனர். பத்தாண்டு கழித்து விளைந்ததைக் காணவில்லை. ஊமத்தையை உண்டவன் அன்றிரவே மயங்குகின்றான். சிறுநீரகம் கெட்டவனோ தான் முன்னர் உண்டதையே மறந்துவிடுகின்றான். நோயாளியின் பக்கத்திலிருந்து நோக்கும் கண், எத்துணைக் கூரியதாயினும், விரைந்து வருவனவற்றையே காணும்.

இது சீனருக்கு மட்டும் உரிய குருட்டுத்தன்மை என எண்ணலாகாது. தன்யூப் ஆற்றின் கிளைகளை அடுத்த ஊர்களிற் சிறுநீரக நோயொன்று பரவியிருப்பதை ஐரோப்பிய மருத்துவர் 1950 களில் எடுத்துரைத்தனர். கோதுமை வயலிற் களையாய் வளர்ந்த அரிசுத்தொலோக்கியாவின் விதை மாவிற் கலந்ததே அதற்குக் காரணம் எனத் தெளிவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது. ஆய்வுகூடமும் அளவைக் கருவியும் உடையோரே அத்துணைக் காலம் தடுமாறினர். அவையில்லாத பழைய வைத்தியர் காணாமை வியப்பன்று. அவர் கண்டிருப்பார், ஆகவே தீங்கில்லை என்று இன்று வாதிப்பதுதான் வியப்பு.

2003, 2004 ஆம் ஆண்டுகளிற் சீன அரசு இவ்வினத்து வேர்களும் தண்டுகளும் சிலவற்றை மருந்துப் பட்டியலினின்று நீக்கிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2002 இலேயே இச்செடிகள் சேர்ந்த மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பன என்று வகுத்திருந்தது. அவ்வினத்தைச் சேர்ந்த கொடியொன்று ஈழத்திலும் தென்னிந்தியாவிலும் வளர்கின்றது. பாம்புக்கடி முதலியவற்றுக்கு மருந்தாகத் தமிழ் வைத்தியர் போற்றும் ஈசுரமூலி அதுவே. அதன் வேரிலும் அரிசுத்தொலோக்கியா அமிலம் உண்டு.