சிறு தீவு நாடுகளின் வணிகப் பள்ளிகளில் பேரிடர் மேலாண்மைக் கல்வி: ஒரு மதிப்பீடு

இழப்பினின்று தொழிலைக் காக்க வணிக மேலாண்மைப் பாடநூல்கள் முதலில் கூறும் நெறி, முதலீட்டைப் பல இடங்களில் பரப்பி வைத்தல் என்பதாகும். ஓரிடத்தின் இழப்பைப் பிறிதோரிடத்தின் வருவாய் ஈடுசெய்யும் என்பது இதன் அடிப்படை. பெருநிலப்பரப்புடைய நாடுகளுக்குப் பொருந்தும் இந்நெறியைச் சிறு தீவு நாடுகளின் வணிகப் பள்ளிகள் மாற்றமின்றிக் கற்பிப்பது போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இதற்குக் கரீபியத் தீவு நாடுகள் இரண்டினைச் சான்றாகக் காட்டலாம். 2004ஆம் ஆண்டு செப்டம்பரில் வீசிய ஐவன் சூறாவளி கிரெனடாவின் வீடுகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைச் சேதப்படுத்தியது. அந்நாட்டின் முதன்மை ஏற்றுமதிப் பயிரான சாதிக்காய் மரங்களுள் பெரும்பாலானவை வீழ்ந்தன. புதிதாக நட்ட மரம் காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். சில வாரத் தடங்கலை மனத்திற்கொண்டு வகுக்கப்படும் தொழில் தொடர்ச்சித் திட்டம் இத்தகைய இழப்பிற்கு விடை தாராது. 2017இல் மரியா சூறாவளி டொமினிக்காவில் விளைவித்த சேதமும் இழப்பும் அந்நாட்டின் ஓராண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 226 விழுக்காடு என மதிப்பிடப்பட்டன. கடைக்காரரும் வாடிக்கையாளரும் கடன் தந்த வங்கியும் ஒரே இரவில் பாதிப்புறும் நிலையில், ஈடுசெய்வதற்குப் பிறிதோரிடம் ஏது?

காப்பீடு பற்றிய பாடமும் மறுபார்வைக்குரியது. கரீபிய நாடுகள் 2007இல் கூட்டாக அமைத்த பேரிடர்க் காப்பீட்டு நிதியம், களத்தில் சேதத்தைக் கணக்கிடும்வரை காத்திராமல், புயலின் அளவீடுகளைக் கொண்டு இழப்பீடு வழங்குகிறது. அதனால் மரியாவுக்குப்பின் இரு வாரங்களுக்குள் டொமினிக்கா அரசு ஏறத்தாழ 19 மில்லியன் அமெரிக்க டாலர் பெற்றது. இவ்விரைவு பாராட்டத்தக்கது. ஆயினும், மதிப்பிடப்பட்ட சேதமும் இழப்பும் 1.3 பில்லியன் டாலராகும். கிடைத்த தொகை அதில் ஏறக்குறைய 1.5 விழுக்காடே. உடனடிச் செலவுக்கான பணத்தையும் மறுகட்டுமானத்திற்கான நிதியையும் வேறுபடுத்தி அறியாத மாணவர், காப்பீடு உண்டென்ற நிறைவிலேயே நின்றுவிடுவர்.

பன்னாட்டு விடுதி நிறுவனங்கள் தம் முதலீட்டைப் பரப்பி வைக்கின்றனவே என வாதிடலாம். அது அந்நிறுவனங்களைக் காக்கும். அவற்றுக்குக் காய்கறி விற்கும் உள்ளூர் வணிகரைக் காக்காது. எனவே பேரிடர் மேலாண்மையை விருப்பப் பாடமாக ஒதுக்காமல், கணக்கியல், நிதியியல், கொள்முதல் ஆகிய அடிப்படைப் பாடங்களுள் இணைத்தல் வேண்டும். தீவு முழுவதும் ஒருசேரப் பாதிப்புறும் நிலையிலிருந்தே அப்பாடங்கள் தொடங்குதல் வேண்டும்.