தேடற் கட்டளைகளும் தமிழ்ச் சொல்லீறும்: எளாவூர் என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து

'இப்பொருளில் இதுவரை ஆய்வு நிகழவில்லை' என்னும் தொடர் ஆய்வேடுகளின் முதல் இயலில் வழக்கமாக இடம்பெறுவது. இன்று அக்கூற்றுக்குப் பல நேரங்களில் சான்றாக நிற்பது, இணையத் தரவுத்தளம் காட்டிய 'முடிவுகள் இல்லை' என்னும் விடையே. அச்சான்றின் வலிமை ஐயத்திற்குரியது. ஆண்ட், ஆர், நாட் ஆகிய கட்டளைகளும் நட்சத்திரக்குறியும் ஆங்கில எடுத்துக்காட்டுகளைக் கொண்டே கற்பிக்கப்படுகின்றன. தமிழ்ச் சொல்லுக்கு அவை அவ்வாறே பொருந்துவதில்லை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதிக்கு அருகே, சென்னை–கூடூர் இருப்புப்பாதையில் அமைந்த எளாவூரை எடுத்துக்கொள்ளலாம். சொல்லின் பிற வடிவங்களையும் பெறும்பொருட்டு 'எளாவூர்*' என இட்டால், தமிழ்ச் சொற்பகுப்பி இல்லாத தளத்தில் 'எளாவூரில்', 'எளாவூரின்' ஆகியவை அகப்படா. வேற்றுமை உருபின் உயிர் ரகர மெய்யுடன் சேர்ந்து உயிர்மெய்யாகும்போது புள்ளி மறைகிறது. ஒருங்குறியிலோ அப்புள்ளி தனிக்குறியீடு. ஆகவே புள்ளியை நீக்கி 'எளாவூர*' என இடுதல் வேண்டும். நன்னூல் கற்ற மாணவர்க்கு இப்புணர்ச்சி புதிதன்று. அதைத் தேடற்பெட்டியோடு இணைத்துக் காட்டுவோரே அரியர். மகர ஈற்றுச் சொற்களில் இடர் மிகுதி. 'மரம்', 'மரத்தை' இரண்டையும் பெற 'மர*' என வெட்டினால் 'மரபு', 'மரணம்' முதலியனவும் வந்து குவியும். அங்கு 'மரம் ஆர் மரத்*' என்று இணைத்துத் தேடுவதே தகும்.

ஆண்ட் கட்டளையின் பிழை வேறுவகையினது. 'எளாவூர் ஆண்ட் திருவள்ளூர்' எனத் தேடுவோர், 1997இல் திருவள்ளூர் மாவட்டம் உருவாகும் முன்னர் செங்கல்பட்டின் பெயரால் பதிவானவற்றை இழக்க நேரும். கும்மிடிப்பூண்டி, கும்முடிப்பூண்டி என இருவகையாக எழுதப்படும் பெயருக்கு ஆர் இன்றியமையாதது. ரோமன் எழுத்திலான பதிவுகளில் லகர ளகர வேறுபாடும் மறைந்துவிடுகிறது.

தளத்தின் இயல்பும் கருதற்குரியது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களைத் தட்டச்சிட்ட பாடமாகத் தருவதால் அவற்றின் உட்சொற்களைத் தேடவியலும். நூல்களைப் பக்கப் படங்களாக வழங்கும் மின்னூலகங்களில் தேடல் பெரும்பாலும் தலைப்பு, ஆசிரியர் முதலிய பதிவு விவரங்களோடு நின்றுவிடும். அங்குக் கிடைக்கும் சுழியம் நூலைப் பற்றியதன்று, பட்டியலைப் பற்றியது.

1972இல் வணிகச் சேவையாக வெளிவந்த டயலாக் தரவுத்தளத்தில் 'எக்ஸ்பாண்ட்' என்றொரு கட்டளை இருந்தது. இட்ட சொல்லுக்கு முன்னும் பின்னும் அகரவரிசையில் நிற்கும் சொற்களை, ஒவ்வொன்றுக்கும் உரிய பதிவுகளின் எண்ணிக்கையோடு அது காட்டும். ஈறு திரியும் மொழிக்கு இதனினும் ஏற்ற வசதி அரிது. இன்றைய தளங்கள் பலவும் முகப்பில் வெற்றுப்பெட்டியை மட்டுமே வைத்துள்ளன. எந்த வடிவங்கள் உள்ளே உள்ளன என்பதை ஆய்வாளரே ஊகிக்க வேண்டியுள்ளது. அவ்வூகத்தை, அதாவது இட்ட தொடரையும் தேடிய தளத்தையும் நாளையும், ஆய்வேட்டில் பதிவுசெய்தாலன்றி 'ஆய்வு இல்லை' என்னும் கூற்றை நெறியாளரோ புறத்தேர்வாளரோ சரிபார்க்க வழியில்லை.