ஓய்வு நாளில் உலை வைப்பது யார்?

அகப்பாடல் எதை எடுத்தாலும் நாங்கள் வகுப்பில் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: இது யார் கூற்று? கேட்பவர் யார்? மலையோட்டப் பயிற்சி நூல்களை நான் படிக்கத் தொடங்கியபோது இந்தப் பழக்கம் கூடவே வந்துவிட்டது. ஸ்டீவ் ஹவுஸ், ஸ்காட் ஜான்ஸ்டன், கிலியன் யோர்னெட் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதி 2019இல் வெளிவந்த 'டிரெய்னிங் ஃபார் தி அப்ஹில் அத்லெட்' அந்தத் துறையில் பெயர்பெற்ற நூல். பொறுமையாகக் கற்றுத்தரும் நூல் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இந்த நூல்வகை முழுவதும் முன்னிலையில் பேசுகிறது. 'நீ' இவ்வளவு மணிநேரம் ஏறு, 'நீ' இன்று ஓய்வெடு என்கிறது. இந்த 'நீ' யார்? அவருக்கு விடியற்காலை சொந்தமாக இருக்கிறது. அவர் ஓடித் திரும்பும்போது வீட்டில் சாப்பாடு இருக்கிறது. ஓய்வு நாள் என்று எழுதியிருந்தால் அவரால் உண்மையிலேயே படுக்க முடிகிறது. பெண்களுக்கென்று தனிப்பகுதி ஒதுக்கும் நூல்களும் உண்டு. அந்த ஒரு பகுதி பெண்களுக்கு என்றால் மற்ற பகுதிகளெல்லாம் யாருக்கு என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

ஓய்வைப் பற்றி இந்த நூல்கள் சொல்வதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். ஓட்டம் உடலைச் சிதைக்கிறது. பிறகு உண்டு உறங்கும் நேரத்தில்தான் உடல் தன்னை முன்னைவிட வலுவாகக் கட்டிக்கொள்கிறது. உயரமான மலைகளில் இந்த விதி இன்னும் கறாரானது. கொலராடோவின் பைக்ஸ் சிகரம் 4,302 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். மூச்சு வேகமெடுத்து ஓரளவு ஈடுகட்டச் சில நாள்கள் போதும். சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் சுரந்து, எலும்பு மஜ்ஜை புதிய சிவப்பணுக்களை ஆக்குவதற்கு வாரங்கள் வேண்டும். ஆகவே முடிந்தால் இரண்டு மூன்று வாரம் முன்பே போய் அந்த உயரத்தில் தங்கு என்பது வழக்கமான அறிவுரை. மூன்று வாரம் வீட்டை விட்டுப் போய்த் தங்குவதற்கு எத்தனை பெண்களால் முடியும்? போகட்டும், போய்விட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். சிவப்பணு ஆவதற்கு இரும்புச்சத்து வேண்டும். மாதந்தோறும் இரத்தம் போகிற உடலில் அதன் இருப்பு ஏற்கெனவே குறைவு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. மலையில் கால் வைக்கும் முன்பே அவர்களுக்கு மூச்சு வாங்குகிறது.

உயரம் உடலை என்ன செய்கிறது என்ற அறிவு உருவான கதையிலும் ஒரு பெண்ணுக்குக் கீழேதான் இடம் கொடுத்தார்கள். 1911இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் உள்ளிட்ட நான்கு ஆண் ஆய்வாளர்கள் இதே பைக்ஸ் உச்சியில் ஐந்து வாரம் தங்கித் தங்கள் உடல்களையே சோதித்தார்கள். குழுவில் இருந்த மேபல் பியூர்ஃபாய் ஃபிட்ஸ்ஜெரால்ட் உச்சியில் தங்கவில்லை. ஆண்களோடு ஒரு பெண் அங்கே தங்குவது முறையல்ல என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். அவர் கொலராடோவின் சுரங்க ஊர்களுக்குத் தனியே போனார். வெவ்வேறு உயரங்களில் நெடுநாள் வாழ்கிறவர்களின் மூச்சையும் ஹீமோகுளோபினையும் அளந்தார். உச்சியில் தங்கியவர்களுக்குக் கிடைத்தது ஒரே உயரத்தில் சில வாரக் கணக்கு. இவருக்கோ படிப்படியாக மாறும் உயரங்களில் வேரூன்றிய வாழ்க்கைகளின் கணக்கு கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் தராத காலத்தில் அங்கே படித்தவர் அவர். 1972இல், அவருக்கு நூறு வயதானபோது, அந்தப் பல்கலைக்கழகம் ஒரு கௌரவ முதுகலைப் பட்டம் கொடுத்தது.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த படம். லாய்ட் பெல்ச்சர் இயக்கிய 'மீரா' (2016) என்ற ஆவணப்படம் நேபாளத்தின் போஜ்பூரைச் சேர்ந்த மீரா ராயின் கதை. பள்ளியை விட்டு நின்று வீட்டு வேலையில் இறங்கியவர். அரிசி மூட்டை சுமந்து சந்தைக்கு நடந்தவர். பதினான்கு வயதில் மாவோயிஸ்ட் படையில் சேர்ந்தவர். 2014இல் காத்மாண்டு மலைவிளிம்பில் நடந்த 50 கிலோமீட்டர் ஓட்டம் இன்னதென்று சரியாகத் தெரியாமலே ஓடி வென்றார். அடுத்த ஆண்டே மோன் பிளாங் 80 கிலோமீட்டரில் முதலிடம் பெற்றார். பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைகிற படம்தான். என் சிக்கல் படத்தோடும், அதைவிட அதிகமாகப் படத்தைச் சுற்றி எழுதப்பட்டவற்றோடும் இருக்கிறது. அவற்றில் மீரா 'கண்டெடுக்கப்படுகிறார்'. மலை அவரை வளர்த்தது, சுமை அவருக்குக் கால் கொடுத்தது, வெற்றி தானாக வந்தது என்று கதை போகிறது. கண்டெடுக்கப்படுவதற்கு அவர் என்ன கூழாங்கல்லா?

பக்கத்தில் கிலியன் யோர்னெட்டின் கதையை வைத்துப் பாருங்கள். அவரும் மலையில் வளர்ந்தவர்தான். பிரனீஸ் மலையில் 2,000 மீட்டர் உயரத்தில், தந்தை பராமரித்த மலைவிடுதியில் வளர்ந்தார். அம்மா இரவில் விளக்கில்லாமல் காட்டுக்குள் நடத்திப் பழக்கியதை அவரே எழுதியிருக்கிறார். இவருடைய குழந்தைப்பருவம் தயாரிப்பு என்றே வாசிக்கப்படுகிறது. மீராவின் குழந்தைப்பருவம் வறுமை என்று வாசிக்கப்பட்டு, பிறகு இயற்கையாக மாற்றப்படுகிறது. ஐரோப்பியச் சிறுவன் மலையில் கற்றதற்குப் பெயர் பயிற்சி. நேபாளச் சிறுமி மலையில் செய்ததற்குப் பெயர் இரத்தம், இனம், மலைக்காரி. இத்தனைக்கும் போஜ்பூர் நடுமலைப் பகுதி. ஷெர்பாக்கள் வாழும் கும்புவின் உயரம் அதற்கில்லை. படைமுகாமில் மீரா முறையாக ஓடியும் கராத்தே பழகியும் இருக்கிறார். போர் முடிந்ததும் வயது போதாதென்று கழிக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அங்கே பெற்ற பயிற்சியை ஏற்றுக்கொண்டால் அரசியலையும் ஏற்றுக்கொள்ள வேண்டிவருமே! மலையின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டால் எல்லோருக்கும் வசதி.

அப்படியானால் அரிசி மூட்டை சுமந்ததும் பயிற்சிதான் என்று பெண்ணிய நோக்கில் சொல்லிவிடலாமா? படத்தை மாணவிகளுக்குத் திரையிட்ட அன்று நானே ஏறத்தாழ அப்படித்தான் பேச்சைக் கொண்டுபோனேன். மலையடிவாரத்து ஊரிலிருந்து விடுதியில் தங்கிப் படிக்கிற ஒருத்தி கையைத் தூக்கினாள். "எங்கம்மாவும் தினம் ரெண்டு நடை மேட்டுல தண்ணி தூக்கறாங்க மேம். அவங்களுக்கு முட்டி தேஞ்சதுதான் மிச்சம்." வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அவள் சொன்னது அந்தப் பயிற்சி நூல்கள் சொல்வதேதான். சுமை, அதன்பின் உணவு, அதன்பின் உறக்கம் என மூன்றும் சேர்ந்தால் பயிற்சி. முதலாவது மட்டும் கிடைத்து மற்ற இரண்டும் வேறொருவருக்குப் போனால் அதன் பெயர் தேய்மானம். வீட்டு வேலையே நல்ல உடற்பயிற்சி என்று பெண்களிடம் சொல்கிற மருத்துவக் குறிப்புகளை இந்த ஒரு கணக்கை வைத்தே தள்ளிவிடலாம். மீரா வென்றது சுமையால் என்று சொல்வதைவிட, சுமையைத் தாண்டியும் வென்றார் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அவரோடு சுமந்து, தேய்ந்து, எந்தப் படத்திலும் வராத பெண்கள் அந்த மலைச்சரிவெங்கும் இருப்பார்கள்.

ஆர்லீன் பைப்பரின் கதை இதிலிருந்து கொஞ்சம் விலகியது. 1959இல், 29 வயதில், அவர் பைக்ஸ் சிகர மாரத்தானை ஓடினார். உச்சிக்கு ஏறி இறங்கி முடிக்க 9 மணி 16 நிமிடம் ஆயிற்று. ஒன்பது வயது மகள் உச்சிவரை கூடவே ஏறினாள். கொலராடோ ஸ்பிரிங்ஸில் தான் நடத்திய உடற்பயிற்சிக் கூடத்துக்கு இது விளம்பரமாகும் என்பது அவருடைய கணக்கு. பாஸ்டன் மாரத்தான் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1972இல்தான். அமெரிக்காவில் முறையான மாரத்தான் ஒன்றை முடித்த முதல் பெண் தான் என்று ஆர்லீனுக்குத் தெரியவந்தது ஐம்பது ஆண்டு கழித்து, 2009இல். தேடிப்போய்ச் சொன்னார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தச் சாதனையைவிட மகள் கூட வந்தது. குழந்தையை யாரிடம் விடுவது என்ற கேள்வி எழும் இடத்தில், குழந்தையும் ஓட்டத்தில் இருக்கிறாள். பயிற்சி அட்டவணைகளில் இதற்குக் கட்டம் கிடையாது.

மீரா பின்னாளில் செய்ததை அவருடைய பதக்கங்களைவிடக் கூர்ந்து பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன். கிராமத்துப் பெண்களைக் காத்மாண்டுக்கு வரவழைத்துத் தங்கவைத்து ஓட்டப் பயிற்சியும் ஆங்கிலமும் கற்றுத்தருகிறார். மலைவழிகாட்டி வேலைக்கும் பயிற்சி தருகிறார். முதன்மையாக அவர்களுக்குக் கிடைப்பது வீட்டு வேலை குறுக்கிடாத சில மாதங்கள். தனக்கு எது இல்லாமல் இருந்தது என்று தெரிந்த ஒருத்தியின் திட்டம் இது. அந்தப் பெண்கள் ஊரில் இறக்கிவைத்துவிட்டு வந்த குடங்களை இப்போது தூக்குவது தங்கையா, அம்மாவா, நேற்று வந்த அண்ணியா என்று நான் பார்த்த எந்தப் படமும் இதுவரை திரும்பிப் பார்க்கவில்லை.